பருவம் மாறுவதைச் சொல்லும் ஒலிகள்: எதை, எவ்வளவு நம்பலாம்?

இயற்கையில் கேட்கும் ஒலிகளைக் கொண்டு பருவம் மாறுவதை அறிய முடியுமா, முடியுமென்றால் எவற்றை நம்பலாம், எவற்றை நம்பக் கூடாது என்பது கேள்வி. முடியும் என்பதே என் பதில். ஆனால் எல்லா ஒலிகளும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. சில ஒலிகள் ஆண்டின் எந்த நாளில் இருக்கிறோம் என்பதைச் சொல்கின்றன. சில அன்றைய வெப்பத்தைச் சொல்கின்றன. சில மண்ணின் ஈரத்தைச் சொல்கின்றன. ஓர் ஒலியை எழுப்பும் உயிரோ பொருளோ எந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு இயங்குகிறது என்று தெரிந்தால்தான், அந்த ஒலியைக் கேட்டவுடன் எதை முடிவு செய்யலாம் என்பதும் தெரியும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல், குயில் கூவியதையும் தவளை கத்தியதையும் இடி இடித்ததையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதால்தான், இத்தகைய அறிகுறிகளெல்லாம் பொய்த்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள்.

முதலில் பறவைகள். பருவத்தோடு தொடர்புபடுத்தப்படும் ஒலிகளில் மிகவும் நம்பத்தகுந்தவை பறவைகளின் இனப்பெருக்கக் காலப் பாட்டுகள்தாம் என்பது என் கருத்து. அவை பெரும்பாலும் பகல் நீளத்துக்குக் கட்டுப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். வெயிலும் மழையும் காற்றும் ஆண்டுக்கு ஆண்டு முன்பின்னாக வரும். ஆனால் ஓர் இடத்தில் குறிப்பிட்ட ஒரு நாளின் பகல் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது மாறுவதில்லை. பறவைகள் இந்த நீளத்தைக் கண்ணால் மட்டும் அளப்பதில்லை. மண்டையோட்டின் மெல்லிய எலும்பை ஊடுருவி வரும் ஒளியை உணரும் செல்கள் அவற்றின் மூளையின் ஆழத்தில், ஹைப்போதலாமஸ் பகுதியில் இருக்கின்றன. பிரெஞ்சு அறிஞர் ஜாக் பெனுவா 1930களில் வாத்துகளைக் கொண்டு செய்த சோதனைகள் இதற்கு வழிகாட்டின. பகல் ஒரு வரம்பைத் தாண்டி நீளும்போது அந்தச் செல்கள் தொடங்கிவைக்கும் ஹார்மோன் தொடரால் பிட்யூட்டரி சுரப்பி தூண்டப்படுகிறது; சுருங்கிக் கிடந்த விந்தகங்கள் சில வாரங்களுக்குள் பல மடங்கு பெருக்கின்றன, சில இனங்களில் நூறு மடங்குக்கும் மேல். அவை சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் மூளையில் பாட்டை இயக்கும் பகுதிகளையே பெரிதாக்குகிறது. கேனரிப் பறவைகளின் மூளையில் பாட்டுக்கு முதன்மையான பகுதி, இலையுதிர் காலத்தில் இருப்பதைக் காட்டிலும் வசந்தத்தில் ஏறத்தாழ இரு மடங்கு பெரிதாக இருக்கிறது என்று 1981இல் ஃபெர்னாண்டோ நாட்டெபோம் காட்டினார். ஆகவே ஒரு பறவை புதிதாகப் பாடத் தொடங்கும்போது நாம் கேட்பது, வாரக்கணக்காக அதன் உடலுக்குள் நடந்துவந்த ஒரு வளர்ச்சி நிறைவடைந்த செய்தியை.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் பகல் நீளம் பெரிதாக மாறுவதில்லையே, அங்குள்ள பறவைகள் என்ன செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நெடுங்காலம் ஆய்வாளர்களும் வெப்பமண்டலப் பறவைகள் மழையையும் இரையையும் மட்டுமே நம்பியிருப்பதாக எண்ணினார்கள். பனாமாவில் வாழும் புள்ளி எறும்புப் பறவைகளைக் கொண்டு செய்யப்பட்டு 1998இல் வெளியான ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. அங்கே ஆண்டு முழுவதிலும் பகல் நீளம் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் கூடிக் குறைகிறது. அப்படியிருந்தும், செயற்கை ஒளியில் பகலை வெறும் 17 நிமிடம் நீட்டியபோது அந்தப் பறவைகளின் இனப்பெருக்க உறுப்புகள் வளர்ந்தன. அவை பாடுவதும் மிகுந்தது. நம் கண்ணுக்கும் கருத்துக்கும் எட்டாத வேறுபாட்டை அந்தச் சிறு உடல் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வெப்பமண்டலத்தில் பகல் நீளம் தோராயமான காலத்தைக் குறிக்கிறது. எந்த வாரம் என்பதை மழையும் உணவும் முடிவு செய்கின்றன. அதனால்தான் அங்கே பறவைப் பாட்டு தொடங்கும் நாள் குளிர் நாடுகளைவிடச் சற்றுத் தளர்வாக இருக்கிறது.

குயிலை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றிய தவறான எண்ணம் மிகப் பரவலானது. இளவேனிலில் குயில் ‘வந்துவிட்டது’ என்கிறோம். இந்திய நிலப்பரப்பின் பெரும் பகுதியில் அது எங்கும் போவதுமில்லை, வருவதுமில்லை. ஆண்டு முழுவதும் அங்கேயேதான் இருக்கிறது. குளிர்காலத்தில் அடர்ந்த இலைகளுக்குள் பழம் தின்றுகொண்டு பெரும்பாலும் வாய் திறக்காமல் இருப்பதால் அது இருப்பதே தெரிவதில்லை. பங்குனி, சித்திரையில் விடியலுக்கு வெகு முன்பே தொடங்கி, ஒவ்வொரு கூவலுக்கும் சுருதி ஏறிக்கொண்டே போய், உச்சத்தில் சட்டென்று அறுந்து நின்று, சிறிது இடைவெளிக்குப் பின் மறுபடி கீழிருந்து தொடங்கும் அந்தக் குரல் ஆண் குயிலுடையது. பெண் குயிலின் குரல் ‘கிக் கிக் கிக்’ என்று விரைந்து வெட்டும் ஒலி. அதைக் குயில் என்றே பலர் அடையாளம் காண்பதில்லை. குயில் கூடு கட்டுவதில்லை, காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. ஆகவே அதன் காலம் காகம் கூடு கட்டும் காலத்தோடு பொருந்தியாக வேண்டும். ஒரு மரத்தில் குயில் விடாமல் கூவுவதைக் கேட்டால், சுற்றியுள்ள மரங்களில் காகங்கள் சுள்ளி சுமக்கின்றனவா என்று பார்த்தால் போதும். கோடையின் நடுவில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பது விளங்கிவிடும்.

வலசை வரும் பறவைகளின் குரல் வேறு வகை. அங்கே ஒலி ஒரு வரவைக் குறிக்கிறது. வரவு என்பது புறப்பட்ட இடத்தின் பகல் நீளம், வழியிலுள்ள காற்று, இடைத்தங்கலில் கிடைத்த இரை ஆகிய எல்லாவற்றையும் பொறுத்தது. சுடலைக்குயில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தென்மேற்குப் பருவக்காற்றை ஒட்டி ஆப்பிரிக்காவிலிருந்து அரபிக்கடலைத் தாண்டி இந்தியாவின் வட, மத்தியப் பகுதிகளுக்கு வரும் இந்தப் பறவையின் குரல் அங்கே மழையின் முன்னறிவிப்பாகக் கருதப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதே இனத்தின் இன்னொரு கூட்டம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிலையாகவே வாழ்கிறது. அங்கே அதே குரலைக் கேட்டு மழை நெருங்குகிறது என்று முடிவு கட்டினால் ஏமாற வேண்டியிருக்கும். ஆறுமணிக்குருவி இதற்கு நேர் எதிர்த் திசையில் பயணம் செய்கிறது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் அது, விடியலிலும் அந்தியிலும் எழுப்பும் இரட்டைச் சீழ்க்கையால்தான் தமிழில் அந்தப் பெயரையே பெற்றது. தெற்கே அந்தச் சீழ்க்கை மழைக்காலமும் பனிக்காலமும் தொடங்குவதைக் குறிக்கிறது. வடக்கே அதே பறவையின் குரல் கோடையையும் மழைத் தொடக்கத்தையும் குறிக்கிறது. பறவையின் பெயரோடு இடத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் அறிகுறி முழுமை பெறும்.

இத்தகைய வரவுகளை ஆண்டுதோறும் குறித்துவைக்கும் வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்த ராபர்ட் மார்ஷம் என்னும் நிலவுடைமையாளர் 1736இல் தொடங்கி வசந்தத்தின் 27 அறிகுறிகளைக் குறித்துவந்தார். முதல் இலை, முதல் பூ ஆகியவற்றோடு தவளைகளும் தேரைகளும் முதன்முதலாகக் கத்திய நாள், ஐரோப்பியக் குயிலும் நைட்டிங்கேலும் முதன்முதலாகப் பாடிய நாள் ஆகியவையும் அதில் இடம்பெற்றன. அவருக்குப் பின் அவர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக 1958 வரை அந்தக் குறிப்பேட்டைத் தொடர்ந்தனர். வெப்பமானிப் பதிவுகள் ஒழுங்காக இல்லாத காலத்தில் வசந்தம் எப்படி இருந்தது என்பதை இன்று அறிய அந்தக் குறிப்பேடு பெரிதும் உதவுகிறது. காதால் கேட்டு எழுதிய செய்திக்கு அறிவியல் மதிப்பு உண்டா என்று ஐயப்படுபவர்களுக்கு இதைவிடச் சிறந்த விடை இல்லை.

தவளைகளிடம் வருவோம். இங்கே கடிகாரமே வேறு. தவளையின் தோல் ஈரத்தை இழக்கும் தோல். அதன் முட்டைக்கு ஓடு கிடையாது. நீர் இல்லாமல் அதற்கு இனப்பெருக்கம் இல்லை. வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் புதைந்து கோடை உறக்கத்தில் கிடக்கும் இனங்கள், முதல் பெருமழையில் தேங்கும் குட்டைகள் வற்றுவதற்குள் முட்டையிட்டு, தலைப்பிரட்டைகள் கால் முளைத்துக் கரையேறிவிட வேண்டும். ஆகவே அவை காத்திருப்பதில்லை. ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் வெளிவந்து ஒரே நேரத்தில் கத்துகின்றன. தெற்காசியாவின் வயல்களில் வாழும் காளைத் தவளையை அப்படியோர் இரவுக்கு மறுநாள் காலையில் பார்க்க வேண்டும். ஆண்டு முழுவதும் பழுப்பும் பச்சையுமாகச் சேற்றோடு சேறாக இருந்த ஆண் தவளை பளீரென்ற எலுமிச்சை மஞ்சளாக மாறியிருக்கும். தாடையின் இருபுறமும் கருநீல நிறத்தில் குரல்பைகள் ஊதி ஊதி அடங்கும். தொண்டையிலிருந்து எழும் ஒலியைப் பெருக்கி வெளியே அனுப்பும் உறுப்புகள் அவை. நுரையீரலுக்கும் குரல்பைக்கும் இடையே காற்று போவதும் வருவதுமாக இருப்பதால் அது ஒவ்வொரு முறையும் புதிதாக மூச்சு வாங்க வேண்டியதில்லை. நிறம் சில நாட்களில் மங்கிவிடும், கூச்சலும் ஓய்ந்துவிடும்.

இதிலிருந்து தெரிவது என்னவென்றால், தவளைக் கூச்சல் ‘மழைக்காலம் தொடங்கிவிட்டது’ என்று சொல்வதில்லை; ‘போதுமான நீர் தேங்கிவிட்டது’ என்றுதான் சொல்கிறது. கோடையின் நடுவே ஒரு பெருமழை பெய்தாலும் அவற்றில் சில கத்தும். அடுத்து ஒரு மாதம் வானம் வறண்டு கிடந்தால் அது தவளையின் பிழையாகாது. மழை வருவதற்கு முன்பே தவளை கத்தும் என்ற நம்பிக்கையில் ஓரளவு உண்மை இருக்கிறது. மரங்களில் வாழும் சில இனங்கள் காற்றில் ஈரம் கூடும்போதே குரல் கொடுக்கின்றன. ஆனால் அது சில மணி நேரத்துக்கான முன்னறிவிப்பு, பருவத்துக்கான முன்னறிவிப்பன்று.

தவளைகளில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது, ஓர் ஒலியைக் கேட்டு இன்னொரு ஒலி எழும் நிகழ்ச்சி. வட அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்தில் வாழும் மண்வெட்டிக்கால் தேரைகள், பின்னங்காலில் உள்ள கூரிய கொம்பு போன்ற பகுதியால் மண்ணைத் தோண்டிப் புதைந்து, ஆண்டின் பெரும் பகுதியை நிலத்துக்கடியில் கழிக்கின்றன. கோடை மழை இறங்கும்போது அவற்றுக்கு எப்படித் தெரிகிறது? ஈரம் அவை இருக்கும் ஆழத்துக்கு இறங்குவதற்கு முன்பே அவை மேலே வந்துவிடுகின்றன. இடியும் மழைத்துளிகளும் நிலத்தில் உண்டாக்கும் தாழ்ந்த அதிர்வுதான் அவற்றை எழுப்புகிறது என்று 1980இல் வெளியான ஆய்வு காட்டியது. மழையே இல்லாமல் மின்மோட்டாரின் அதிர்வைக் கொடுத்தபோதும் அவை வெளிவந்தன. வெளிவந்த அன்று இரவே ஆண்கள் கத்தத் தொடங்கிவிடும். முட்டையிலிருந்து குட்டித் தேரையாக மாறும் காலம் வெப்பமான குட்டைகளில் ஒன்றரை வாரத்துக்கும் குறைவாக இருக்கக்கூடும். அந்த அவசரம் முழுவதையும் அந்தக் குரலில் கேட்கலாம்.

குளிர் நாடுகளில் தவளையின் கடிகாரம் நீரைவிட வெப்பத்தையே பெரிதும் பொறுத்தது. அதனால் அங்கே தவளைக் குரல் பருவ வெப்பத்தின் மாற்றத்தை நேரடியாகப் பதிவு செய்கிறது. நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்காவில் 1900க்கும் 1912க்கும் இடையே ஆல்பர்ட் ஹேசன் ரைட் எழுதிவைத்த குறிப்புகளை 1990களின் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, நான்கு தவளை இனங்கள் 10 முதல் 13 நாட்கள் முன்னதாகக் கத்தத் தொடங்கியிருந்தன. இரண்டு இனங்களில் மாற்றமில்லை. தாமதமாகத் தொடங்கியது ஒன்றுகூட இல்லை. பகல் நீளத்தைப் பார்க்கும் பறவையும் வெப்பத்தைப் பார்க்கும் தவளையும் பூச்சியும் ஒரு காலத்தில் ஒரே வாரத்தில் குரல் எழுப்பியிருக்கலாம். இன்று அவற்றின் தொடக்க நாட்கள் மெல்ல மெல்லப் பிரிந்துவருகின்றன. பருவ ஒலிகளைப் பற்றி இன்று பேசும்போது மிகுந்த அக்கறையோடு கவனிக்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். பூச்சி பெருகும் வாரத்துக்கும் குஞ்சு பொரிக்கும் வாரத்துக்கும் இடையே இடைவெளி விழுந்தால், பாட்டு சரியான நாளில் கேட்டாலும் கூட்டில் உள்ள குஞ்சு பசியோடு இருக்கும்.

பூச்சிகளில் சில்வண்டும் சுவர்க்கோழியும்தான் இங்கே முதன்மையானவை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வழக்கம். ஒலி எழுப்பும் முறையிலேயே அவை வேறுபடுகின்றன. சில்வண்டின் வயிற்றின் இருபுறமும் விலா எலும்பு போன்ற வரிகளைக் கொண்ட மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. உள்ளிருக்கும் தசை இழுக்கும்போது அது உட்குழிந்து, விடும்போது பழைய நிலைக்குத் திரும்புகிறது. தகர மூடியை அமுக்கி விட்டால் எழும் ‘டிக்’ ஒலிதான் ஒவ்வொரு முறையும் எழுகிறது. விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அது நிகழ்வதாலும், ஆண் பூச்சியின் வயிறு பெரும்பாலும் உள்ளே காலியாக இருந்து ஒலியைப் பெருக்குவதாலும் அந்தக் காதைத் துளைக்கும் ரீங்காரம் பிறக்கிறது. இளம் பூச்சிகள் பல ஆண்டுகள் மண்ணுக்கடியில் வேர்ச்சாற்றை உறிஞ்சி வாழ்ந்து, மேலே வந்த பின் சில வாரங்களே உயிரோடு இருக்கின்றன. எனவே அந்த ஒலி கேட்கும் காலம் குறுகியது, ஆகவே துல்லியமானது. வட அமெரிக்காவின் பதின்மூன்று ஆண்டு, பதினேழு ஆண்டுச் சில்வண்டுகள், ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் 18 டிகிரி செல்சியஸை எட்டும்போது வெளிவருகின்றன. 2024இல் அங்கே ஒரு பதின்மூன்று ஆண்டுக் கூட்டமும் ஒரு பதினேழு ஆண்டுக் கூட்டமும் சேர்ந்து வெளிவந்தன. அதே இரு கூட்டங்கள் அதற்கு முன் சேர்ந்து வந்தது 1803இல். ஜப்பானில் கோடையின் தொடக்கத்தில் ஓர் இனமும், கோடை முடியும் தறுவாயில் ட்சுக்குட்சுக்குபோஷி என்னும் வேறோர் இனமும் ஒலிப்பதால், பழகிய காது பூச்சியின் குரலை மட்டும் வைத்தே கோடை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடும்.

சுவர்க்கோழி காலை உரசி ஒலி எழுப்புவதாகப் பலர் நம்புகிறார்கள். அது தன் முன் இறக்கைகளை ஒன்றோடொன்று உரசித்தான் ஒலி எழுப்புகிறது; ஓர் இறக்கையின் அடிப்புறத்தில் அரம் போன்ற பல்வரிசையும் மற்றதில் அதை உரசும் விளிம்பும் இருக்கின்றன. குளிர் இரத்த உயிர் என்பதால் அதன் தசை எவ்வளவு விரைவாக இயங்கும் என்பது சுற்றுப்புற வெப்பத்தைப் பொறுத்தது. அமெரிக்க இயற்பியலாளர் ஏமஸ் டால்பேர் 1897இல் இதை ஒரு சூத்திரமாகவே வெளியிட்டார். செல்சியஸ் அளவில் எளிதாகச் சொன்னால், 8 விநாடிகளில் எழும் ஒலித்துடிப்புகளை எண்ணி அதோடு 5ஐக் கூட்டினால் அந்த இடத்தின் வெப்பம் தோராயமாகக் கிடைக்கும். 8 விநாடிகளில் 16 துடிப்பு என்றால் ஏறக்குறைய 21 டிகிரி. வட அமெரிக்காவின் வெண்ணிற மரச் சுவர்க்கோழிக்கு இது நன்கு பொருந்துகிறது. எல்லா இனங்களுக்கும் அப்படியே பொருந்தாது, ஒவ்வோர் இனத்துக்கும் எண் மாறும். ஆனால் கொள்கை எங்கும் ஒன்றுதான். இதைச் செய்துபார்க்க விரும்புபவர்கள் ஒரே பூச்சியின் ஒலியைப் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும். கூட்டத்தின் ஒலியைக் கேட்டால் எண்ண முடியாது. சுவர் ஓரமாகவோ புதர் ஓரமாகவோ தனித்து ஒலிக்கும் ஒன்றைத் தேர்ந்து, அசையாமல் நின்று, பல முறை எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். காலடி அதிர்வை உணர்ந்தால் அது சட்டென்று நிறுத்திவிடும். இலையுதிர் காலம் முதிர முதிர, இரவுக்கு இரவு அந்தத் துடிப்பு தளர்ந்து, ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே இடைவெளி நீண்டு, கடும் உறைபனி விழுந்த இரவோடு நின்றுவிடுவதைக் குளிர் நாடுகளில் தெளிவாகக் கேட்கலாம். குளிரின் வருகையை இவ்வளவு சீராக, படிப்படியாகக் காட்டும் வேறோர் ஒலி எனக்குத் தெரிந்து இல்லை.

பாலூட்டிகளில் மானின் முழக்கத்தை மட்டும் குறிப்பிட்டால் போதும். ஐரோப்பியச் செம்மான்களில் ஆண்கள் செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் வரை இரவு பகலாக முழங்குகின்றன. பறவைக்கு நீளும் பகல் என்றால் இவற்றுக்குச் சுருங்கும் பகல். பாலூட்டிகள் பகலின் நீளத்தைக் கண்ணின் வழியாகவே அறிந்து, பீனியல் சுரப்பி இரவில் சுரக்கும் மெலடோனினின் கால அளவாக அதை உடலில் பதிவு செய்துகொள்கின்றன.

நீருக்கடியிலும் பருவங்கள் ஒலிக்கின்றன, நாம் அதிகம் கேட்பதில்லை என்பதுதான் வேறுபாடு. கூன்முதுகுத் திமிங்கிலங்களின் ஆண்கள் பாடும் நெடும்பாட்டு ஹவாய்த் தீவுகளைச் சுற்றிக் குளிர்காலத்தில் ஒலித்து, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் உச்சத்தை எட்டி, அவை உணவு தேடி வடக்கே போனதும் மறைகிறது. அதைவிட நுட்பமானது வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் மிட்ஷிப்மேன் என்னும் மீனின் கதை. வசந்தத்தின் இறுதியிலும் கோடையிலும் கரையோரப் பாறைகளுக்கு அடியில் ஆண் மீன்கள் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து, இரவெல்லாம் ஒரே சுருதியில் முனகுகின்றன. கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் படகு வீடுகளில் குடியிருந்தவர்கள் அந்த ஒலியால் தூக்கம் இழந்து, அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தவித்ததுண்டு. பெண் மீனின் உட்செவியே அந்தப் பருவத்தில் மாறிவிடுகிறது. ஆணின் முனகலில் உள்ள உயர்ந்த சுருதிகளையும் கேட்கும் திறன் ஹார்மோன்களால் கூடுகிறது என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. பருவத்துக்கு ஏற்ப ஒலி மட்டுமே மாறுவதாக நாம் எண்ணுகிறோம். கேட்கும் காதும் மாறக்கூடும்.

உயிரற்றவற்றின் ஒலிகளில் முதலிடம் பனிக்கட்டிக்கு. உறைந்த ஏரியின் மேற்பரப்பு இரவில் சுருங்கிப் பகலில் விரியும்போது விரிசல் விட்டு, இடி போன்ற முழக்கமும், உச்ச சுருதியிலிருந்து கீழ்நோக்கி வழுக்கி இறங்கும் விந்தையான ஒலியும் கேட்கின்றன. அந்த வழுக்கலுக்குக் காரணம், பனிக்கட்டித் தகட்டில் உயர் அதிர்வெண் அலைகள் தாழ் அதிர்வெண் அலைகளைவிட வேகமாகச் செல்வதே. தொலைவிலுள்ள விரிசலின் ஒலி நம்மை அடையும்போது உயர்ந்த சுருதி முதலிலும் தாழ்ந்த சுருதி பின்பும் வந்து சேர்கின்றன. ஜப்பானின் சுவா ஏரியில் உறைந்த பரப்பு முழக்கத்தோடு பிளந்து மேடாக உயரும் நிகழ்ச்சியை அங்குள்ள ஷிண்டோ கோயில் பூசாரிகள் 1443 முதல் பதிவு செய்துவந்திருக்கிறார்கள். பின்லாந்து, சுவீடன் எல்லையில் ஓடும் டோர்னியோ ஆற்றில் பனி உடையும் நாளின் பதிவு 1693இல் தொடங்குகிறது. உலகிலேயே மிக நீண்ட பருவப் பதிவுகளில் இவ்விரண்டும் சேர்ந்தவை. முன்பு பெரும்பாலான குளிர்காலங்களில் உறைந்த சுவா ஏரி, அண்மைப் பத்தாண்டுகளில் பல முறை உறையாமலேயே குளிர்காலத்தைக் கடந்துவிட்டது.

இடியைப் பற்றி ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். பருவமழைக் காலத்தின் அடையாளம் இடி என்று பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் பருவமழை நாடுகளில் இடி மிகுதியாகக் கேட்பது பருவங்கள் மாறும் இடைவெளியில்தான். நிலம் கொதித்துக் கிடக்கும்போது ஈரக்காற்று புகுந்தால் மேகம் செங்குத்தாக, மிக உயரமாக எழுந்து மின்னூட்டம் பெறுகிறது. தென்மேற்குப் பருவமழை நிலைபெற்ற பின் நிலம் குளிர்ந்துவிடுவதால், மழை பலமாகப் பெய்தாலும் இடி குறைந்துவிடுகிறது. ஆகவே மாலைதோறும் இடிக்கிறது என்றால் மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. மழை நீடித்து இடி ஓய்ந்துவிட்டது என்றால் பருவம் நிலைகொண்டுவிட்டது.

இன்னொன்று பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது: ஒலியைச் சுமந்து வரும் காற்றே பருவத்தோடு மாறுகிறது. வானம் தெளிந்த குளிர்கால இரவில் தரை விரைவாகக் குளிர, அதையொட்டிய காற்று குளிர்ந்தும் மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். ஒலி வெப்பக் காற்றில் வேகமாகவும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் செல்வதால், மேல்நோக்கிப் போன ஒலி வளைந்து தரைக்கே திரும்புகிறது. தொலைதூர அருவியும் கடலலையும் அப்போது அருகில் இருப்பதுபோல் கேட்பதற்குக் காரணம் இதுவே. கோடைப் பகலில் நிலைமை தலைகீழ். ஒலி மேலே வளைந்து போய்விடும். இலையுதிர்ந்த காட்டில் உயர்ந்த சுருதிகளைச் சிதறடிக்க இலைகள் இல்லாததால் குரல்கள் கூர்மையாகக் கேட்கின்றன. புதிதாக விழுந்த பனித்தூவி, நுண்துளைகள் நிறைந்ததாக இருப்பதால், ஒலியை உறிஞ்சி நிலப்பரப்பையே அமைதியாக்கிவிடுகிறது.

ஒலி நின்றுபோவதும் ஓர் அறிகுறிதான். இனப்பெருக்கம் முடிந்ததும் பெரும்பாலான பறவைகள் இறகு உதிர்த்துப் புது இறகு வளர்க்கத் தொடங்குகின்றன. பறக்கும் திறன் குறைந்திருக்கும் அந்த நாட்களில் தம்மைக் காட்டிக்கொள்வது ஆபத்து என்பதால் பாட்டை நிறுத்திவிடுகின்றன. அந்த மௌனம் இயல்பானது, அடுத்த ஆண்டு மீளும். மீளாத மௌனம் வேறு. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களின் பறவைக் கணக்கெடுப்புகளை ஒலிப்பதிவுகளோடு இணைத்து, கடந்த 25 ஆண்டுகளின் வசந்த கால ஒலிச்சூழலை மீட்டுருவாக்கிய ஆய்வு 2021இல் வெளியானது. ஒலியின் பன்மையும் செறிவும் பரவலாகக் குறைந்துவந்திருப்பதை அது காட்டியது. அதே 2021இல் ஜப்பான் வானிலை முகமை, 1953 முதல் நாடெங்கும் செய்துவந்த உயிரினப் பருவப் பதிவுகளிலிருந்து விலங்குகள் அனைத்தையும் நீக்கியது. நகரங்கள் பெருகியதால் அந்தப் பறவைகளையும் பூச்சிகளையும் நிலையங்களுக்கு அருகில் கேட்பதே அரிதாகிவிட்டது என்பதுதான் காரணம். முதல் சில்வண்டு எப்போது ஒலித்தது, புதர்ப் பாடகி என்னும் பறவை எப்போது முதல் முறை பாடியது என்று ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் தொடர்ந்த குறிப்புகள் அப்படி நின்றது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

நீங்களே குறித்துவைக்க விரும்பினால் ஒன்றை வலியுறுத்துவேன்: முதல் குரல் கேட்ட நாளை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். முதல் குரல் என்பது அவசரப்பட்ட ஒரே ஓர் உயிரின் குரலாக இருக்கலாம். மேலும் எண்ணிக்கை மிகுதியாக உள்ள இனத்தில் அப்படி ஒன்று முன்னதாகக் குரல் கொடுக்கும் வாய்ப்பு கூடுதல். இனம் அருகும்போது, பருவம் மாறாமலேயே முதல் நாள் தள்ளிப்போவதாகத் தோன்றும். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பத்து நிமிடம் கேட்டு, கேட்டதையும் கேட்காததையும் எழுத வேண்டும். அப்போது தொடக்கம், உச்சம், ஓய்வு ஆகிய மூன்றும் கிடைக்கும். இவற்றில் உச்சத்தின் நாள்தான் ஆண்டுகளை ஒப்பிட மிகவும் உகந்தது. அன்றைய வெப்பம், மழை, காற்று, சுற்றியுள்ள வண்டி இரைச்சல் ஆகியவற்றை ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பலத்த காற்று வீசிய நாளில் ‘கேட்கவில்லை’ என்று எழுதுவதற்கும் அமைதியான நாளில் அப்படி எழுதுவதற்கும் பொருள் வேறு. கைப்பேசியில் பதிவு செய்தால் இனத்தைப் பின்னர் சரிபார்க்க உதவும். ஆனால் பல கைப்பேசிகள் இரைச்சலை வடிகட்டும்போது பூச்சிகளின் உயர்ந்த சுருதியையும் சேர்த்து நீக்கிவிடுவதால், அந்த வசதியை அணைத்துவிட்டுப் பதிவு செய்வது நல்லது.